அந்தக் கையில் ஊசி வேண்டாம்!

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் காரவள்ளி என்று ஓர் ஊர். அங்கிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆரம்பம். மழையில் பாறை உருண்டு பாதை அடைத்துக்கொண்டால், முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றிப் போகலாம். அதுவும் அடைத்துக்கொண்டால்? திண்டாட்டந்தான்!

நம் உடம்பிலும் இப்படிச் சில பாதைகள் உண்டு. ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வரும் சிரைகளைத்தான் சொல்கிறேன்.

சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிஸிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அவசரத்துக்குக் கழுத்துச் சிரையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இருதயத்தின் வாசல் வரை கொண்டு போவார்கள். 'ஐயையோ, இருதயத்திலா!' என்று பதற வேண்டாம். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தம் கைச் சிரை வழியாக இருதயம் வரை தாமே குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்! 1956-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஆனால் குழாய் மாதக்கணக்கில் கிடந்தால், சிரையின் சுவரை உராய்ந்துகொண்டே இருக்கும். சுவர் தடித்து, ரத்தம் உறைந்து, பாதை அடைபடும். முகமும் கையும் வீங்கும். அடுத்த குழாயை எங்கே செருகுவது?

டாக்டர்கள் சும்மா இருப்பதில்லை. மெல்லிய கம்பியை அடைப்பினூடே நுழைத்து, சின்னஞ்சிறு பலூனை விரித்து வழி உண்டாக்குகிறார்கள். முடியாவிட்டால், தொடைச் சிரை வழியே மேலேறி, கழுத்தருகே உள்ளிருந்து வெளியே துளையிடுவதும் உண்டு. எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கும் கடைசி முயற்சிகள். வயிற்று வழியாகச் செய்யும் டயாலிஸிஸ் வேறொரு பாதை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

இவ்வளவு அவதி வராமலிருக்க வீட்டுப் பெண்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சிறுநீரகக் கோளாறு முற்றி வருகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவர் எழுதாத கையைக் காப்பாற்றுங்கள். அதில் ஊசியும் வேண்டாம், குளுகோஸும் வேண்டாம். ரத்தம் எடுப்பதானால் புறங்கை போதும். பின்னால் அந்தக் கையில்தான் தமனியையும் சிரையையும் இணைத்துச் சிறு ஆபரேஷன் செய்வார்கள். 1966-லிருந்து உலகுக்குத் தெரிந்த வழி இது. அது பக்குவப்பட வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம் அந்தக் கையில் இறுக்கமான வளையல் கூடாது. குடம் தூக்கக் கூடாது. தொட்டால் பூனை உறுமுவதுபோல் அதிர்கிறதா என்று தினமும் பாருங்கள். அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஊசியோடு நர்ஸ் வந்தால், "அந்தக் கை வேண்டாம், அம்மா!" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்வது, பாறையை உருட்டுவதைவிடச் சுலபம்.