சாட்டிலைட் பாத்துச்சு, சரி. அப்புறம்?

ரங்கூன்ல (யாங்கோன்னு சொன்னா எங்க பாட்டிக்குப் புரியறதில்ல, அதனால ரங்கூன்) மே நடுவுல பிடிக்கிற மழை அக்டோபர் வரைக்கும் விடாது. வருஷத்துக்கு சுமார் 2,700 மி.மீ., சென்னையோட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. துணி காயாது, புத்தகம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் புலம்பலுக்குத் தனிப் பதிவு போடணும், இது அது இல்ல.

போன வாரம் ஊர்லேர்ந்து பேசின நண்பன், "இனிமே புயல்ல யாருடா சாகப் போறா, அதான் சாட்டிலைட் எல்லாத்தையும் பாத்துடுதே"ன்னான். வேற ஊர்ல இருந்திருந்தா ஆமாம் போட்டிருப்பேன். இந்த ஊர்ல உக்காந்துகிட்டு அதைக் கேக்கக் கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு.

சாட்டிலைட்டைக் குறை சொல்ல வரல மக்களே. கடல் மேல மழைமானி வைக்க ஆளில்லை, அங்க பெய்யிற மழையை மேலேர்ந்துதான் பாக்கணும். டிவியில காட்டுற மேகப் படம் மேகத்தோட மொட்டை மாடியை மட்டும் காட்டும். உள்ள எவ்வளவு தண்ணி இருக்குன்னு அதுல தெரியாது. அதுக்குத்தான் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பர்ல டி.ஆர்.எம்.எம்.னு ஒண்ணை அனுப்பினாங்க. மழையை அடுக்கடுக்கா வெட்டிப் பாக்கற ரேடார் முதன்முதலா விண்வெளிக்குப் போனது அதுலதான்.

அதோட கதை சுவாரசியமானது. 2004-ல நாசா அதை முடிச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. காரணம் பழுது இல்ல, எரிபொருள். மிச்சம் இருக்கிறதை வச்சு பசிபிக்ல பத்திரமா இறக்கிடணும், தீர்ந்து போனா தானா விழும், துண்டு யார் மேலயாவது படறதுக்கு 5,000-ல ஒரு வாய்ப்பு இருக்குன்னு கணக்கு. விஞ்ஞானிகள் விடல. புயலைக் கணிக்க இது உதவறதுல பிழைக்கிற உயிருங்க அதைவிட அதிகம்னு சண்டை போட்டாங்க. 2005-ல நாசா இறங்கி வந்தது. அப்புறம் பத்து வருஷம் ஓடி, 2015 ஜூன்ல இந்தியப் பெருங்கடல் மேல எரிஞ்சு விழுந்தது. யார் தலையும் உடையல :-)

ஆக, 2008-ல நர்கிஸ் வந்தப்போ டி.ஆர்.எம்.எம். மேலதான் இருந்தது. மத்த சாட்டிலைட்டுகளும் இருந்தன. ஏப்ரல் கடைசியில வங்கக்கடல் நடுவுல உருவாகி, முதல்ல நம்ம பக்கம் முகம் காட்டி, கொஞ்சம் நின்னு யோசிச்சு, கிழக்கே திரும்பிச்சு. மே 2-ம் தேதி ஐராவதி டெல்டாவுல கரை ஏறிச்சு. வங்கக்கடல் நாடுகளுக்குப் புயல் தகவல் கொடுக்க வேண்டிய பொறுப்பு டில்லியில இருக்கற நம்ம வானிலைத் துறைக்கு. எங்க கரையேறும், எவ்வளவு கடுமையா இருக்கும்னு 48 மணி நேரம் முன்னாடியே பர்மாவுக்குச் சொல்லிட்டோம்னு அவங்க அப்பவே சொன்னாங்க.

செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்த்து சுமார் 1,38,000 பேர்.

கொன்னது மழை இல்ல. காத்தும் பெருசா இல்ல. கடல் தண்ணி. பிறகு போய் அளந்தவங்க 5 மீட்டர் உயரம்னு சொன்னாங்க, அதுக்கு மேல அலை வேற. சில இடத்துல 50 கி.மீ. உள்ள வரைக்கும் போயிருக்கு. போகலே, லபுட்டா பக்கமெல்லாம் தாம்பாளம் மாதிரி தட்டையான வயல். காத்து மணிக்கு இத்தனை கி.மீ.ன்னு சொன்னா அங்க இருக்கறவனுக்கு என்ன புரியும்? "உன் கூரைக்கு மேல தண்ணி வரும், சாயங்காலத்துக்குள்ள இந்தக் கட்டடத்துக்குப் போ"ன்னு சொல்லணும். சொல்ல ஆள் இல்ல, போக அந்தக் கட்டடமும் இல்ல.

இதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 2007 நவம்பர்ல, அதே வங்கக்கடல்ல சிட்ர் புயல் பங்களாதேஷை அடிச்சது. அதுவும் லேசுப்பட்டது இல்ல. அரசுக் கணக்குல சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துக்கந்தான், ஆனா ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மேல இருந்தது ரெண்டு நாட்டுக்கும் அதே சாட்டிலைட்டுகள். பங்களாதேஷ்காரங்க 1970 புயல்ல மூணு லட்சத்துக்குக் குறையாம பறிகொடுத்தவங்க. அதுக்கப்புறம் கான்கிரீட் காப்பகம் கட்டினாங்க, மெகாபோனும் சைக்கிளுமா ஊர் ஊராப் போய்ச் சொல்ற தன்னார்வலர்களைச் சேத்தாங்க. மெகாபோனைப் பத்தி யாரும் ஆவணப்படம் எடுக்க மாட்டாங்க, ராக்கெட்னா எடுப்பாங்க.

இப்ப டி.ஆர்.எம்.எம்.மோட வாரிசு ஜி.பி.எம்., 2014-லேர்ந்து சுத்துது. அதோட பல நாட்டு சாட்டிலைட்டுகளையும் சேர்த்து, அரை மணிக்கு ஒரு உலக மழை வரைபடம், இலவசமா. (ஒரு கட்டம் சுமார் 10 கி.மீ. காளி கோயில் தெருவுல கொட்டுதா, அடுத்த தெருவுல கொட்டுதான்னு கேக்காதீங்க. சுமார் நாலு மணி நேரம் தாமதமா வேற வரும்.) இலவசம்தான், ஆனா வாங்கிக்க இணையம் வேணுமே? 2019 ஜூன்ல ராக்கைன் பகுதியில மொபைல் இணையத்தை நிறுத்தினாங்க, சில டவுன்ஷிப்கள்ல ஒரு வருஷத்துக்கும் மேல வரல. 2023 மே மாசம் மோக்கா புயல் அதே ராக்கைன்ல கரையேறிச்சு. வர்றது பல நாள் முன்னாடியே தெரியும். அரசே சொன்ன சாவு 145, அதுல 117 பேர் ரோஹிங்கியாக்கள். சித்வே பக்கம் முகாம்ல அடைஞ்சு கிடக்கற ஜனங்க. மேலேர்ந்து பாத்தா முகாமோட வேலி தெரியாது.

பர்மாவுலதான் இப்படின்னு நெனைக்கறவங்களுக்கு: 2017 நவம்பர் 30, ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரங்க பல பேர் அப்ப ஆழ்கடல்ல இருந்தாங்க. படத்துல புயல் அழகா சுழிச்சுகிட்டு இருந்துச்சு, படகுக்குத்தான் சேதி போகல. அதுக்கப்புறம் 2019-ல ஜெமினின்னு ஒரு கருவி கொண்டு வந்தாங்க, கடல்ல இருக்கற படகுக்கு எச்சரிக்கை போகுது. நல்ல வேலை, உடனே பண்ணியிருக்க வேண்டிய வேலை. ஆனா ஒரு வழிதான், படகுலேர்ந்து திரும்பப் பேச முடியாது.