கலத்துள் ஒரு கூடை

பெண் நுளம்பு நம் குருதியைக் குடிப்பது தன் முட்டைகளின் பொருட்டே. முட்டைக் கலம் மஞ்சட்கருப் புரதத்தை எவ்வாறு உட்கொள்கின்றது என்பதை 1964ஆம் ஆண்டில் ரொத், போட்டர் என்னும் அறிஞர் இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். கலமென்சவ்வு ஆங்காங்கே குழிந்திருந்தது. குழிகளின் அடியில், கலத்தின் உட்பக்கமாக, மயிர்போன்ற உறையொன்று காணப்பட்டது.

1976இல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் அம்மையார் அவ்வுறைப் புரதத்திற்குக் கிளாத்திரின் எனப் பெயரிட்டார். அதன் மூலக்கூறு வளைந்த மூன்று கால்களையுடையது. கால்கள் ஒன்றோடொன்று பின்னி, ஐங்கோணமும் அறுகோணமுமான கண்களையுடைய கூடையாகின்றன. மென்சவ்வும் உடன் வளைகின்றது. டைனமின் என்னும் மற்றொரு புரதம் கழுத்தை இறுக்கி அறுக்க, சிறு புடகமொன்று கலத்துள்ளே விடுபடுகின்றது. சற்றைக்கெல்லாம் கூடை கலைந்து, அதே கால்கள் வேறொரு கூடை முடையச் செல்கின்றன. இத்துணைச் சிக்கனம் நம் இல்லங்களிற்கூட அரிது!

ஆயினும் கிளாத்திரின் தானாக மென்சவ்வைப் பற்றுவதில்லை. இடையே நிற்கும் இணைப்புப் புரதங்களே, மென்சவ்விலுள்ள ஏற்பிகளின் வாலைப் பிடித்துக் குழிக்குள் சேர்க்கின்றன. அப்பிடி தவறினால் நேர்வது யாது? குருதியில் கொலஸ்திரோல் மிகும் பரம்பரை நோயுற்ற சிறுவன் ஒருவனின் கலங்களை அமெரிக்காவில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்போர் ஆராய்ந்தனர். ஏற்பிகள் இருந்தன; கொலஸ்திரோல் துணிக்கைகளைப் பற்றவுஞ் செய்தன. ஆனால், குழிகளிற் கூடவில்லை. ஏற்பியின் 839 அமினோ அமிலங்களுள், வாற்பகுதியில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது.