முகவரி இருக்கு... வீடு எங்கே பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவா. காலேஜ் லைப்ரரி புத்தகங்களுக்கு ஒரு ஆன்டாலஜி செய்திருக்கிறீர்கள். ஸ்லைடு எல்லாம் பளபள! எக்ஸ்டர்னல் மெதுவாக மவுஸை வாங்குகிறார். உங்கள் ஃபைலில் இருக்கும் ஒரு முகவரியை காப்பி பண்ணி, பிரவுசரில் போட்டு என்டர் தட்டுகிறார். '404 - நாட் ஃபவுண்ட்'!

"சார்... அது சும்மா பேருதான் சார். திறக்கணும்னு அவசியம் இல்லை."

நீங்கள் சொன்னது டெக்னிக்கலாக கரெக்ட். ஆனாலும் அவர் உதட்டைப் பிதுக்குகிறார். ஏன்?

'ஆசிரியர்' என்று ஒரு வார்த்தை. பாடம் நடத்துபவரும் ஆசிரியர், புத்தகம் எழுதியவரும் ஆசிரியர், பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர். நமக்கு இடம் பார்த்துப் புரியும். கம்ப்யூட்டர் பாவம், அதுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனித்தனியாக ஒரு வெப் முகவரியையே பெயராக வைக்கிறோம். டொமைன் உங்களுடையது. அதற்குக் கீழே வேறு யாரும் பெயர் வைக்க முடியாது. குழப்பமும் வராது.

சரி, பெயர் வெச்சாச்சு. கூப்பிட்டா 'ஏன்'னு கேட்க ஆள் வேண்டாமா?

வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-ல் இதற்கு நாலே நாலு விதி எழுதினார். ஒன்று, பொருள்களுக்கு வெப் முகவரி பாணியில் பெயர் வை. இரண்டு, அது ஹெச்.டி.டி.பி. முகவரியாக இருக்கட்டும், யாரும் தேடிப் பார்க்கலாம். மூன்று, தேடி வந்தவருக்கு உருப்படியான தகவல் கொடு. நாலு, மற்ற முகவரிகளுக்கும் லிங்க் கொடு. நம்மில் பலர் கோட்டை விடுவது அந்த மூணாவதில்தான்!

நல்ல உதாரணம் வேணுமா? ஸ்கீமா.ஆர்க் போய் 'பெர்சன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டின் பிங் மூன்றும் சேர்ந்து 2011-ல் தொடங்கியது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அதோடு என்னென்ன விவரம் சேர்க்கலாம் என்று அட்டவணையே போட்டிருக்கும். சொல்லின் முகவரியே அதன் அகராதிப் பக்கம்!

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஒரே முகவரிக்கு ரெண்டு வகை விருந்தாளிகள் வருவார்கள். பிரவுசர் வந்தால் "ஹெச்.டி.எம்.எல். கொடு" என்று கேட்கும். புரோகிராம் வந்தால் "டர்ட்டில் கொடு" என்று கேட்கும். டர்ட்டில் என்பது ஆமை இல்லை பாஸ், டேட்டா ஃபார்மட்! வந்தவர் 'அக்செப்ட்' ஹெடரில் சொல்வதைப் பார்த்துப் பரிமாற வேண்டியது சர்வரின் வேலை.

இன்னொரு சிக்கல். முகவரி ஒரு மனிதரைக் குறித்தால்? மனிதரை நெட்டில் அனுப்ப முடியாதே! 2005-ல் டபிள்யூ3சி குழு சொன்ன வழி, '303'. "நீங்க கேட்டவரை அனுப்ப முடியாது, அவரைப் பற்றிய பேப்பர் அந்த முகவரியில் இருக்கு" என்று கைகாட்டுவது. சின்ன ஆன்டாலஜி என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். பெயருக்கு முன்னால் ஒரு '#' போடுங்கள். அதற்குப் பின்னால் இருப்பதை பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. மொத்த ஃபைலும் ஒரே தடவையில் வந்துவிடும்.

இனிமேல்தான் மெயின் மேட்டர். காலேஜ் சர்வரில் போட்ட ஃபைல், நீங்கள் டிசி வாங்கின பிறகு எத்தனை நாள் இருக்கும்? அதனால் நிரந்தர முகவரி வாங்குங்கள். 'பர்ல்' என்ற சேவையை ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு 1995-ல் தொடங்கியது. 2016-ல் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதை ஏற்றுக்கொண்டது. நடத்துபவர் மாறினார், முகவரி மாறவில்லை! 'டபிள்யூ3ஐடி' என்று இன்னொன்றும் இருக்கு, இலவசம். கிட்ஹப்பில் ஒரு சின்ன ஃபைல் எழுதி விண்ணப்பித்தால் போதும். நாளைக்கு ஃபைல் இடம் மாறினாலும், கைகாட்டும் திசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். படிக்கிற பக்கம் எழுத நேரமில்லையா? உங்கள் ஆன்டாலஜி ஃபைலைக் கொடுத்தால் 'விடோகோ' என்ற இலவச டூல் தயாரித்துத் தரும். ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கணும், அவ்வளவுதான்.

மனிதர்களையும் அவர்களின் நட்பையும் விவரிக்கும் 'ஃபோஃப்' 2000-ல் ஆரம்பித்தது. அதன் விளக்க ஆவணம் 0.99 வரை வளர்ந்துவிட்டது. முகவரியில் மட்டும் இன்னும் '0.1' என்றே இருக்கு. அசிங்கமா இருக்கேன்னு மாற்றினால், அதை நம்பி எழுதிய அத்தனை டேட்டாவும் அனாதை. அதனால்தான் கை வைக்கவில்லை!

வைவாவில் உங்களுக்கு மார்க் வந்துவிடும். ரெண்டு வருஷம் கழித்து உங்கள் டேட்டாவை எடுத்து வேலை செய்யப்போகும் ஜூனியர்தான் பாவம். 'இதில் ஆசிரியர்னா யாரு?' என்று கேட்க அவனுக்கு இருக்கும் ஒரே வழி, நீங்கள் வைத்த அந்த முகவரி.

இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஃபைலைத் திறந்து, அதிலுள்ள ஒரு முகவரியை நீங்களே தட்டிப் பாருங்கள். கதவு திறக்குதா?