விடுதலையான பிறகும் ரவுடி பட்டியலில் பெயரா?

கேள்வி: அடிதடி வழக்கு இரண்டைக் காட்டி என் மகனை ஸ்டேஷனில் ரவுடி பட்டியலில் சேர்த்தார்கள். இரண்டிலும் விடுதலையாகிவிட்டான். இப்போது வெளியூரில் கம்பெனி வேலை பார்க்கிறான். ஆனால் தேர்தல், திருவிழா வந்தால் நள்ளிரவில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களும் விஷயம் தெரிந்து விலகிவிடுகிறார்கள். பெயரை எப்படி நீக்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கோர்ட் விடுவித்ததும் ஸ்டேஷன் பட்டியலிலும் பெயர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், சகோதரி. அது தானாக நடக்காது. 'ஹிஸ்டரி ஷீட்' என்பது தண்டனை அல்ல. கண்காணிப்புக்காகப் போலீஸ் வைத்திருக்கும் பதிவேடு. அதனால் விடுதலை, வேலை, முகவரி என எது மாறினாலும் நீங்கள்தான் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளின்படி இந்தப் பதிவேடு டிசம்பர் இறுதிவரைதான். அதற்கு மேல் நீட்டிக்க கெசட்டட் அதிகாரியின் உத்தரவு வேண்டும். எனவே அக்டோபர், நவம்பரிலேயே மனு கொடுப்பது நல்லது.

மனுவை உங்கள் மகன் தன் பெயரில் எழுதட்டும். இரண்டு தீர்ப்புகளின் சான்றிட்ட நகல், கம்பெனி தந்த வேலைச் சான்று, புது முகவரிக்கான ஆதாரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, டி.எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் உதவி கமிஷனருக்கு) ஒன்று கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: முகவரி மாற்றத்தை மட்டும் சொன்னால், கண்காணிப்பு புது ஊர் ஸ்டேஷனுக்கு மாறக்கூடும். சொல்லாமல் விட்டாலோ, ஆள் தலைமறைவு என்ற சந்தேகம் வரும். அதனால் 'பெயரை நீக்க வேண்டும்' என்ற கோரிக்கையும் அதே மனுவில் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். புதிய வழக்கு எதுவும் இல்லாமல், காரணமும் சொல்லாமல் ஆண்டுதோறும் நீட்டித்த பதிவுகளை நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. இடையில் புது வழக்கு ஏதும் வந்திருந்தால் சிரமம்தான்.

நள்ளிரவுத் தட்டலைப் பொறுத்தவரை, கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் வீடு தேடி வருவது செல்லாது என்று கரக் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வந்த தேதி, நேரத்தைக் குறித்து வைத்து மனுவில் சேருங்கள். ஹிஸ்டரி ஷீட் போலீசின் உள் ஆவணம், பொதுமக்கள் பார்வைக்கானது அல்ல என்று 2024-ல் அமானதுல்லா கான் வழக்கிலும் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே, சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்களிடம் அதைக் காட்ட ஸ்டேஷனுக்கு உரிமை இல்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.