பேய்க்கதைக்கும் ஒரு தர்மம் உண்டு

இந்த மாதம் நான் படித்த புத்தகத்தின் பெயரைச் சொன்னால் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அமெரிக்காவில் 1950-ல் தொடங்கி, ஐந்தே ஆண்டுகளில் நின்றுபோன 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' என்ற திகில் காமிக்ஸின் தொகுப்பு அது. இப்போது கெட்டி அட்டையில், பளபளக்கும் தாளில் வருகிறது. விடுமுறைக்கு வந்த பேரன் விட்டுவிட்டுப் போனது. "தாத்தா, ராத்திரியில படிக்காதீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனான். நம் வயதில் ராத்திரித் தூக்கம் எப்படியும் பாதிதான். அதனால் ராத்திரியிலேயே படித்தேன்.

இதை வெளியிட்ட ஈ.சி. காமிக்ஸின் கதையே ஒரு கதைதான். மேக்ஸ் கெயின்ஸ் என்பவர் பைபிள் கதைகளைப் படக்கதையாக வெளியிட்டுக் கொண்டிருந்தார். 1947-ல் படகு விபத்தில் அவர் இறந்துவிட, வேதியியல் ஆசிரியராக நினைத்திருந்த 25 வயது மகன் வில்லியம் கெயின்ஸ் தலையில் நிறுவனம் வந்து விழுந்தது. அவரும் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளரும் சேர்ந்து மூன்று திகில் இதழ்களைத் தொடங்கினார்கள். விலை பத்து சென்ட். கதை சொல்ல ஒரு கிழட்டுக் காவலன், இன்னொரு காவலன், ஒரு சூனியக்கிழவி. நம் வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். இவர்களோ கதையை முடித்துவிட்டு நம்மைப் பார்த்துக் கெக்கலிக்கிறார்கள்.

இரண்டு கதைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பார்வையற்றோர் இல்லம் ஒன்றைப் பற்றியது. புதிதாக வந்த நிர்வாகி, அங்கிருப்பவர்களின் சாப்பாட்டிலும் குளிர் காயும் வசதியிலும் கைவைத்து, மிச்சம் பிடித்த பணத்தில் தன் அறையில் சுகமாக வாழ்கிறார். துணைக்கு ஒரு வேட்டை நாய். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் கடைசியில் அவரையும் நாயையும் தனித்தனியே அடைத்து வைத்துவிட்டு, நிலவறையில் எதையோ கட்டுகிறார்கள். குறுகலான ஒரு நடைபாதை. இருபுறச் சுவர்களிலும் சவரக் கத்திகள். பட்டினி கிடந்த நாய் அவிழ்த்து விடப்படுகிறது. நிர்வாகி ஓடத் தொடங்குகிறார். அப்போது யாரோ விளக்கை அணைக்கிறார்கள், அவ்வளவுதான். ஜார்ஜ் எவன்ஸ் வரைந்த இந்தக் கதை 1955-ல் வந்த கடைசி இதழில் இருக்கிறது.

இன்னொன்று, 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' என்ற சகோதர இதழில் 1952-ல் வந்தது. கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்தது. எளிய மனம் படைத்த ஒரு ஏழைக் கிழவரை ஊரை விட்டுத் துரத்த நினைக்கிறார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். காதலர் தினத்தன்று வாழ்த்து அட்டைகள் அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் வசைக் கவிதைகள். கிழவர் உயிரை விட்டுவிடுகிறார். அடுத்த காதலர் தினத்தில் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அவரும் ஒரு கவிதை எழுதி வைக்கிறார், கொடுமை செய்தவனின் இதயத்தோடு. இது 1972-ல் படமானபோது அந்தக் கிழவராக பீட்டர் குஷிங் நடித்தார். எனக்கு அந்தப் பிணத்தைப் பார்த்துப் பயம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கும் மனிதரைப் பார்த்துத்தான் தொண்டை அடைத்தது. வயதானவர்களை வீட்டைவிட்டு நகர்த்த எத்தனை வழிகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாதா என்ன?

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே அச்சில் வார்த்த கதைகள் நிறைய. கணவனைக் கொல்லும் மனைவி, மனைவியைக் கொல்லும் கணவன், எழுந்து வரும் பிணம். நாலு கதை சேர்ந்தாற்போல் படித்தால் ஐந்தாவதன் முடிவு முன்பே தெரிந்துவிடும். பெண்கள் பெரும்பாலும் பேராசைக்காரிகள், இல்லையென்றால் வாயாடிகள். படத்தை மறைக்கும் அளவுக்கு எழுத்து. சில பக்கங்களில் ரத்தம் தேவைக்கு அதிகம். ஒரு நாளைக்கு ஒரு கதை என்று படிப்பதே உத்தமம்.

ஆனால் இவை எப்படி நின்றன என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1954-ல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், பிள்ளைகள் கெட்டுப்போவதற்குக் காமிக்ஸும் காரணம் என்று புத்தகம் எழுதினார். அவர் கெட்டவர் அல்ல. ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மனநல மருத்துவமனை நடத்தியவர். அதே ஆண்டு ஏப்ரலில் செனட் குழு விசாரித்தது. வெட்டிய தலை இருந்த ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்க, திகில் காமிக்ஸுக்கு இது தகும் என்றார் கெயின்ஸ். கதை முடிந்தது. பதிப்பாளர்களே கூடி விதி வகுத்தார்கள்: தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் வரக்கூடாது, எழுந்து நடக்கும் பிணம் கூடாது, எப்போதும் நன்மையே வெல்லவேண்டும். கடைசி விதிதான் வேடிக்கை. அந்தப் பிணங்கள் பெரும்பாலும் அதைத்தானே செய்துகொண்டிருந்தன!

1956-ல் இன்னொன்று நடந்தது. நிறபேதத்தைக் கண்டிக்கும் ஓர் அறிவியல் கதையை ஈ.சி. மறுபடி வெளியிட முயன்றது. கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுவார், அவர் கறுப்பினத்தவர். அதை மாற்றச் சொன்னது தணிக்கை அலுவலகம். கெயின்ஸ் மறுத்து, அப்படியே வெளியிட்டார். ரத்தத்தைத் துடைக்கக் கொடுத்த துணி எங்கே போய்த் துடைக்கிறது பாருங்கள்.

வெர்தாமின் காகிதங்களை ஆராய்ந்த கேரல் டில்லி என்ற பேராசிரியை, பிள்ளைகள் சொன்னதை அவர் தன் வாதத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார் என்று 2012-ல் எழுதினார். அதற்குள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பிள்ளைகள் வழி தவறினால், அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்குவது பெரியவர்களுக்குச் சுலபம். அன்று காமிக்ஸ், பிறகு சினிமா, டிவி, இப்போது போன். எல்லாவற்றையும் எல்லா வயதிலும் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொகுப்பு ஆகாது. ஆனால் பதினாறு வயதுப் பையன் படிக்கிறான் என்றால், பிடுங்குவதற்கு முன் நாமும் படித்துவிட்டு அவனோடு பேசலாமே. எந்தக் கதை பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்கலாமே.

என் பேரனைப் போனில் கேட்டேன். பார்வையற்றோர் இல்லத்துக் கதைதான் என்றான். "அந்த ஆளுக்கு அது வேணும் தாத்தா" என்றான். நியாயம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தண்டனை அவ்வளவு கொடூரமாக இருக்கலாமா என்பதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.