34 அங்குல வைராக்கியம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் பேஸ் கிதாரைக் காப்பாற்றப் புறப்பட்டிருந்தார். யாரிடமிருந்து என்று பார்த்தால் என்னிடமிருந்து. பெயர் சொல்லவில்லை. விரல் மூட்டு தேய்ந்துபோய், நீளம் குறைந்த பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு மேடையைவிட்டு இறங்க மறுக்கும் மெல்லிசைக் குழுப் பெரியவர்கள் என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கிறார். சொன்னது யாரை என்று புரிய ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அவருடைய வாதம் இதுதான். 34 அங்குலக் கம்பி நீளம் உள்ளதுதான் பேஸ். 30 அங்குலம் பள்ளிப் பிள்ளைகள் பழகிப் பார்க்க. அதில் இருப்பதிலேயே தடித்த ஈ கம்பி தொளதொளவென்று கிடக்கும், அடிநாதம் எழும்பாது. வலி என்பது சாதகக் குறைவுக்கு வைத்த கௌரவப் பெயர். கர்நாடக வித்வான்கள் எண்பது வயது வரை வாசிக்கவில்லையா? முடியாதவர்கள் ஒதுங்கி இளைஞர்களுக்கு வழிவிடட்டும்.

இதில் ஒன்றே ஒன்று பாதி உண்மை. அதைப் பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இந்த 34. ஆகம விதிபோல அவர் இதைச் சொல்வதைப் பார்த்தால், யாரோ முனிவர் அளந்து கொடுத்தார் என்று தோன்றும். கொடுத்தவர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். 1951-ல் அவர் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவருவதற்கு முன்பு, பேஸ் என்றாலே ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதன் கம்பி நீளம் 41, 42 அங்குலம். தூக்கிப் போக வண்டி வேண்டும். பித்தளை வாத்தியங்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் அது வாசிப்பது வாசிப்பவருக்கே கேட்காது. ஃபெண்டர் ஏழெட்டு அங்குலத்தைக் கழித்தார், விரல் தடுமாறாமல் இருக்க நெக்கின் குறுக்கே ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளைப் பதித்தார், தோளில் மாட்டிக்கொள்ள வார் கொடுத்தார். அதாவது நண்பர் சூடம் காட்டும் 34 அங்குலமே பிறக்கும்போதே ஒரு சலுகை. வாசிப்பவனின் கைக்கும் முதுகுக்கும் கொடுத்த சலுகை. அன்றைக்கும் யாராவது டபுள் பேஸ்காரர், தோளில் மாட்டும் பொம்மையைப் பார்த்து இதே கட்டுரையை எழுதியிருப்பார், என்ன, அச்சாகியிருக்காது.

இன்னொரு வேடிக்கை. டபுள் பேஸ்களில் உலகமெங்கும் பெரும்பாலோர் வாசிக்கிற அளவுக்குப் பெயரே முக்கால். முழு அளவு என்று ஒன்று இருக்கிறது, அதை எடுப்பவர்கள் சொற்பம். முக்காலை வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் பீத்தோவன் வாசிக்கின்றன. அவர்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா?

பள்ளிப் பிள்ளைகளின் கருவி என்பதற்கு வருவோம். ஃபெண்டருக்கு இரண்டே ஆண்டு கழித்து, 1953-ல், கிப்சன் கம்பெனி இறக்கிய மின்சார பேஸின் நீளம் முப்பதரை அங்குலம். அதே நீளத்தில் பின்னால் வந்த ஈபி-3 என்ற கருவியோடுதான் க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ் நின்றார். ஸ்டான்லி கிளார்க் பேஸை முன்வரிசைத் தனி வாத்தியமாக்கியது நீளம் குறைந்த அலெம்பிக்கில். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டினா வேமவுத் கையில் 30 அங்குல மஸ்டாங். 1961-ல் ஹாம்பர்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னரும் 30 அங்குலம்தான். அந்தப் பேஸ் 1972-ல் திருடு போனது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் விடாமல் தேடிக் கண்டுபிடித்து, அவரிடம் திரும்பக் கொடுத்த செய்தி 2024-ல் வந்தது. பள்ளிப் பிள்ளை தொலைத்த பொம்மைக்கு இத்தனை பேர் அலைந்திருக்கிறார்கள், பாவம்.

இவர்களுக்கெல்லாம் மூட்டு நன்றாகத்தானே இருந்தது என்பார் நண்பர். ஆமாம், அதைத்தான் நானும் சொல்கிறேன். கை நன்றாக இருந்தவர்களே விரும்பி எடுத்த நீளம் அது.

இப்போது வலிக்கு வருகிறேன். சாதகக் குறைவாம்.

எனக்கு 61 வயது. 35 வருஷமாக ரிசப்ஷன் கச்சேரி, கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் ஆராதனை எல்லாவற்றுக்கும் வாசிக்கிறேன். இடதுகைக் கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். சுட்டுவிரலின் கடைசிக் கணுவில் பட்டாணி மாதிரி ஒரு முடிச்சு. காலையில் எழுந்தால் தேங்காயெண்ணெய் பாட்டில் மூடியைத் திறக்க மனைவியைக் கூப்பிட வேண்டும். சட்டையின் மேல் பொத்தானுக்கும் அவள்தான். இரண்டு வருஷம் முன்பு வடபழனியில் ஒரு ரிசப்ஷன். எஃப் மேஜரில் ஒரு பாட்டு. ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் அந்த எஃப், பேஸ் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், கிதாரிலேயே தூரமான இடம். கை முழுக்க நீண்டு, மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் பின்னாலிருந்து நெக்கை அழுத்த வேண்டும். இரண்டாவது சரணத்தில் கட்டைவிரல் வழுக்கி விட்டது. எஃப் வரவேண்டிய இடத்தில் தட் என்று ஒரு செத்த சத்தம். கீபோர்டு தம்பி திரும்பிப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கவில்லை, அவர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

சின்ன பேஸுக்கு அன்றே ஓடிவிடவில்லை. நண்பர் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். கம்பிகளை ஃப்ரெட்டுக்கு நெருக்கமாக இறக்கினேன். மெல்லிய செட் மாட்டினேன். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற பிடிவாதத்தை விட்டு, டபுள் பேஸ்காரர்கள் போல மோதிர விரலைத் தனியாக வேலை வாங்காமல் மூன்று விரலில் சமாளித்தேன். ஒவ்வொன்றும் ஒரு சில மாதம் உதவியது. சாதகம் போதவில்லை என்ற நண்பரின் வாதத்துக்கு எலும்பு டாக்டர் சொன்னது நேரெதிர்: இறுக்கிப் பிடித்து நெடுநேரம் வைத்திருக்காதீர்கள், வலித்தால் நிறுத்துங்கள். வலியை மீறி வாசி என்று நண்பர் அச்சில் வைத்தியம் சொல்கிறார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியில் அழுத்துகிற விசை அடிமூட்டில் போய்ப் பல மடங்காக விழுகிறது. தேய்ந்த மூட்டில் சாதகம் செய்தால் தேய்மானம்தான் தேறும்.

30 அங்குலம் என்ன செய்கிறது என்பதை அவர் ஒரு டேப்பை எடுத்து அளந்திருக்கலாம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது வரை 34-ல் சுமார் 13 சென்டிமீட்டர், 30-ல் 11.4. ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று சிரிக்கலாம். சுண்டுவிரலை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். கீழே கம்பிகள் முடியும் பாலம் அதே இடத்தில் இருந்தால் முதல் ஃப்ரெட் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக உடம்புப் பக்கம் வந்துவிடுகிறது, மணிக்கட்டு அவ்வளவு மடங்க வேண்டாம். அதே தடிமன் கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தில் குறையும். இங்கே 22 சதவீதம் கம்மி. பள்ளிப் பிள்ளை பௌதிகம்தான்.

ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்ன பாதி உண்மை இதில்தான் இருக்கிறது. இழுவிசை குறைந்தால் ஈ கம்பி தளர்வாகத்தான் இருக்கும். வாங்கிய முதல் வாரம் எனக்கும் பிடிக்கவில்லை. பலமாகத் தட்டினால் கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரவென்றது. கொஞ்சம் தடித்த செட் மாட்டினேன். விட்ட இழுவிசையில் ஒரு பங்கு திரும்பி வந்தது, மறுக்கவில்லை. வலது கையை இலேசாக்கினேன். சில மாடல்களில் உடம்பு இலேசு, நெக் கனம். கையை எடுத்தால் தலை தரையைப் பார்க்கும். அதற்கு அகலமான தோல் வார் வேண்டியிருந்தது. இவை குறைகள், பரிகாரம் உள்ள குறைகள். அடிநாதமே வராது என்பது வேறு. புதுக் கருவியோடு மூன்றாவது கச்சேரியில் சவுண்டு பார்க்கிற பையன் இடைவேளையில் வந்து, “அண்ணே, கம்பி மாத்தினீங்களா? கீழே உருண்டு வருது” என்றான். கருவி மாறியது அவன் கண்ணிலேயே படவில்லை. மேடை மூலையில் கீபோர்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிற மனிதனின் கிதாரை யார் அளக்கிறார்கள், நண்பரைத் தவிர?

கம்பி தளர்ந்தால் இசை செத்துவிடும் என்று நம்புகிறவருக்கு இன்னொன்று. பிளாக் சப்பாத் குழுவின் கிதார்காரர் டோனி அயோமிக்கு 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பி மாட்டினார், பிறகு சுருதியையே இறக்கினார். ஹெவி மெட்டல் என்று உலகம் கொண்டாடுகிற கனமான சத்தம் பிறந்ததில் அந்தத் தளர்வுக்கும் பங்கு உண்டு.

வித்வான்கள் கதையைத்தான் நண்பர் எடுத்திருக்கவே கூடாது. கட்டை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டாரா? வயது ஏற ஏறச் சுருதியைக் குறைத்துக்கொண்ட பாடகர்கள் எத்தனை பேர்! தம்புராவை இறக்கிச் சேர்ப்பார்கள், மிருதங்கக்காரர் அந்தச் சுருதிக்கு உரிய மிருதங்கத்தை எடுத்து வருவார். அரைக் கட்டை குறைந்தது என்பதற்காக எந்த ரசிகரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதில்லை. முன்வரிசை மாமா, “சாரீரம் ஒத்துழைக்கல, ஆனா என்ன ஞானம்!” என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போவார். சரி, நீளம்தான் கௌரவம் என்றால், மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் இருந்தது என்ன? என் 30 அங்குலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது குழந்தை. மேலைநாட்டுச் சாஸ்திரிய மேடையிலும் இதே கதைதான். பியானோ மேதை யோசெஃப் ஹோஃப்மனுக்குக் கை சிறியது. ஸ்டைன்வே கம்பெனி கட்டைகளின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து அவருக்கென்று பியானோ செய்தது.

நண்பரின் கவலை சத்தம் பற்றியதே இல்லை என்பது என் சந்தேகம். கஷ்டப்பட்டு வாசித்தால்தான் அது வாசிப்பு என்று அவர் நினைக்கிறார். காவடி எடுக்கிறவர் அலகு குத்தாதவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார். வேண்டுதல் அவருடையது, அவர் குத்திக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்த இளைஞர்கள். எனக்கு முடியாத நாட்களில் வாசிக்க 22 வயதுப் பையன் ஒருவன் வருவான். பனைமட்டை மாதிரிக் கை, ஐந்து கம்பி பேஸ் வைத்திருக்கிறான். போன வாரம் புதன்கிழமை வீட்டுக்கு வந்தவன், சின்ன பேஸை மடியில் வைத்து அரைமணி நேரம் வாசித்துவிட்டு, “மாமா, ரெண்டு நாள் எடுத்துட்டுப் போறேன்” என்றான். இன்றோடு பத்து நாள். போன் செய்தால் ரெக்கார்டிங்கில் இருக்கிறேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கச்சேரி இருக்கிறது. வழிவிடச் சொன்னவர் அதற்குள் கொஞ்சம் அந்தப் பையனிடம் பேசி, என் பொம்மையை வாங்கிக் கொடுத்தால் நல்லது.