302(பி) ஒதுக்கீடு

302(பி) ஒதுக்கீடு என்பது ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசின் இரு அவைகளிலும் உள்ள நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள், தமக்குக் கிடைத்த மொத்தச் செலவு வரம்பைத் தம் 12 துணைக்குழுக்களுக்குப் பகிர்ந்தளிப்பதைக் குறிக்கும். 1974 ஆம் ஆண்டு வரவு செலவுச் சட்டத்தின் 302 ஆம் பிரிவிலிருந்து இப்பெயர் பெறப்பட்டது.

மொத்த வரம்பை வரவு செலவுத் தீர்மானம் வகுக்கிறது. அதற்குக் குடியரசுத் தலைவரின் கையொப்பம் தேவையில்லை. முதியோர் ஓய்வூதியம் போன்று நிலையான சட்டங்களின்படி வழங்கப்படுபவை இப்பகிர்வுக்குள் வருவதில்லை.

மொத்தம் மாறாததால் ஒரு துணைக்குழு கூடுதலாகப் பெறுவது மற்றொன்றின் இழப்பாகும். பாதுகாப்புத் துணைக்குழுவின் பங்கே மிகப் பெரியது. தொழிலாளர், உடல்நலம், கல்வி ஆகிய மூன்றும் ஒரே துணைக்குழுவில் அடங்கும். இதனால் புற்றுநோய் ஆய்வுக்கான பணம் போர்க்கப்பலுடன் அன்றி, ஏழை மாணவர் பயிலும் பள்ளிகளுக்கான உதவியுடனேயே போட்டியிட நேர்கிறது. பொதுமக்கள் அதிகம் அறியாத இந்தப் பகிர்வு, பின்னர் அவையில் நடைபெறும் விவாதங்களைவிடப் பல திட்டங்களின் அளவை முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறது.

வரம்பை மீறும் சட்டமுன்வரைவுக்கு எந்த உறுப்பினரும் ஒழுங்கு ஆட்சேபம் எழுப்பலாம். அதனைத் தள்ளிவைக்க மேலவையில் (செனட்) 60 வாக்குகள் வேண்டும். கீழவையில் பெரும்பான்மைக் கட்சி தனி விதி ஒன்றின் மூலம் எளிதில் விலக்களிக்க இயலும். இரு அவைகளின் பகிர்வுகளும் வேறுபடுவது வழக்கம். அவற்றை இணக்குவதில் காலம் கழிந்து, நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1 கடந்துவிடுகிறது. ஆண்டுச் செலவுச் சட்டங்கள் அனைத்தும் அந்நாளுக்குள் இறுதியாக நிறைவேறியது 1997 நிதியாண்டுக்கே ஆகும்.